ஒன்பது மீட்டர்

உலகப்பன் வீட்டுக்கு அந்தக் கடிதம் ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. பதிவுத் தபால். தபால்காரர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்தார். உலகப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கி அங்கேயே வெயிலில் நின்று பிரித்தார். மலாய் மொழியில் ஒரே பக்கம். படாங் செந்தூல் பொது நூலகக் கட்டடம் பழுதடைந்தது பற்றி விசாரிக்க ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். கட்டுமானத்தின்போது தளப் பொறியாளராக இருந்தவர் என்ற முறையில் அவர் அடுத்த மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு வந்து விளக்கம் தர வேண்டும்.

அவர் அதை இரண்டாவது முறை படிக்கவில்லை. இப்படி ஒன்று வரும் என்று எட்டு வருடமாகத் தெரியும்.

"என்னங்க அது?" உள்ளேயிருந்து நாச்சியம்மை கேட்டார்.

"லைப்ரரி."



உலகப்பனுக்கு அறுபத்தாறு வயது. குளுவாங்கில் ஒரு வரிசை வீட்டில் கணவனும் மனைவியுமாக இருக்கிறார்கள். ஒரே மகள் கல்யாணமாகி மெல்பர்னில். ஓய்வு பெறுவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அவர் வேலை செய்தது நாச்சியம்மையின் தம்பி சோமுவின் பொறியியல் ஆலோசனைக் கம்பெனியில். சோமு வரைபடம் போடுவார். உலகப்பன் கட்டும் இடத்தில் நின்று, குத்தகைக்காரர் அதன்படி கட்டுகிறாரா என்று பார்ப்பார். வெயிலில் நிற்பது அவர், ஏசியில் உட்காருவது சோமு என்று உறவினர்கள் கேலி செய்வார்கள். உலகப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவருக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

படாங் செந்தூல், லாபிஸ் போகும் வழியில் ரயில் பாதையை ஒட்டிய சின்ன ஊர். சுற்றிலும் செம்பனை. நூலகத்துக்குக் கொடுத்த நிலத்தில் முன்பாதி மேடு, பின்பாதி சதுப்பைத் தூர்த்த மண். அப்படிப்பட்ட மண்ணில் கட்டடத்தைத் தாங்க, பூமிக்குள் கான்கிரீட் தூண்களை அறைந்து இறக்க வேண்டும். பைல் என்பார்கள். ஒவ்வொன்றும் பதினெட்டு மீட்டர் இறங்க வேண்டும் என்று சோமு கணக்குப் போட்டிருந்தார். முதலில் ஒன்பது மீட்டர் துண்டை அறைந்து, அதன் தலையில் இன்னொரு ஒன்பது மீட்டர் துண்டை வெல்டிங் வைத்து இணைத்து மறுபடி அறைய வேண்டும்.

பின்பக்கத்தில் கடைசியாக மிஞ்சிய பதினோரு பைல்களுக்கு முதல் துண்டு இறங்கியபோது அறையும் இயந்திரம் பழுதாகிவிட்டது. வேறு இயந்திரம் வர ஆறு வாரம் ஆகும். திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் ஒருவர் வருவதாகத் தேதி குறித்து, அழைப்பு அட்டையும் அச்சடித்து முடித்திருந்தார்கள். குத்தகைக்காரர் ஒன்பது மீட்டரோடு நிறுத்தி, மேலே கான்கிரீட் போட ஆரம்பித்தார். உலகப்பன் வேலையை நிறுத்தினார். அன்று மாலை சோமு போன் செய்தார். பத்து நிமிடம் பேசினார். மறுநாள் உலகப்பன் அந்தப் பதினோரு பைல்களின் பதிவுத் தாள்களில் பதினெட்டு மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சோமு ஜொகூர் பாருவிலிருந்து வந்தார். கையில் மாம்பழப் பெட்டி. அப்பாவை அப்பச்சி என்றும், அக்காளை ஆச்சி என்றும், அவள் கணவரை அயித்தான் என்றும் கூப்பிடும் செட்டிநாட்டுப் பழக்கம் அவரிடம் மாறவே இல்லை. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த விஷயத்தை முதலில் சொன்னார். தை மாதம். மாப்பிள்ளை பினாங்கு. நாச்சியம்மை சந்தோஷத்தில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சோமு உலகப்பன் பக்கம் திரும்பினார்.

"லெட்டர் வந்துச்சா அயித்தான்?"

"வந்துச்சு."

"எனக்கும் வந்துச்சு. லாயர வச்சுப் பாத்துட்டேன். பயப்பட ஒன்னும் இல்ல. பழைய ரெக்கார்டு எல்லாம் வெள்ளத்துல போயிடுச்சுன்னு சொல்லிட்டோம். அது பொய்யும் இல்ல, பாதி ஃபைல் நெசமாவே நனைஞ்சு போச்சு. நீங்க வயசாயிடுச்சு, ஞாபகம் இல்லைன்னு சொன்னாப் போதும்."

"கட்டடம் எறங்குதே சோமு. எதுனால எறங்குதுன்னு கேப்பாங்கள்ல?"

"அதுக்கு அவங்களே ஒரு காரணம் வச்சிருக்காங்க. பின்னாடி ரூம்ல அளவுக்கு மேல வெயிட் ஏத்திட்டாங்களாம். அஞ்சாறு இரும்பு அலமாரி, பழைய பேப்பர் கட்டு, டொனேஷன் புக்கு. அங்க இருக்குற லைப்ரரி ஸ்டாஃப் செஞ்ச வேலை. ஒரு லெட்டர் குடுத்து வார்னிங் பண்ணுவாங்க, அவ்வளவுதான். வேலைய விட்டெல்லாம் தூக்க மாட்டாங்க."

"யாரு அது?"

"யாரோ ஒரு தமிழ்ப் பொம்பளதான். பேரு தெரியல."

உலகப்பன் மாம்பழப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு இரும்பு அலமாரியால் ஒரு கட்டடம் இறங்காது என்று சோமுவுக்கும் தெரியும். அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. சோமுவும் நன்றாக இல்லை; தலை முழுக்க நரைத்து, கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. காருக்குப் போகும்போது, "இருபத்தஞ்சு பேரு என்ன நம்பி இருக்காங்க அயித்தான்" என்றார். அது கெஞ்சலா மிரட்டலா என்று உலகப்பனுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவர் படாங் செந்தூலுக்குக் கார் ஓட்டிப் போனார். திறப்பு விழாவுக்குப் பிறகு அந்தப் பக்கமே போனதில்லை. லாபிஸில் உறவினர் வீட்டு விசேஷம் என்றால்கூட நெடுஞ்சாலையில் சுற்றித்தான் போவார்.

முன்பக்கம் அப்படியேதான் இருந்தது. அகலப் படிக்கட்டு, கண்ணாடிக் கதவு. உள்ளே நுழைந்து பத்தடி போனதும் தரை மெல்லச் சரிய ஆரம்பித்ததைக் கால் சொன்னது. ஜன்னல் மூலைகளிலிருந்து சுவரில் சாய்வாக விரிசல்கள். சிலவற்றைச் சிமெண்டால் பூசி, பூச்சுக்குப் பக்கத்தில் மறுபடி பிளந்திருந்தது. புத்தகம் தள்ளும் ட்ராலி தானாக ஓடாமலிருக்கச் சக்கரத்தின் கீழ் ஒரு செங்கல். கூரைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அதற்கு நேர் கீழே மூன்று வாளிகள்.

"எதாச்சும் தேடுறீங்களா சார்?"

நாற்பத்தைந்து வயதிருக்கும் பெண். சீருடைச் சட்டையின் பையில் பெயர் அட்டை: தேன்மொழி.

"சும்மா பாக்கலாம்னு வந்தேன்மா. பின்னாடி போலாமா?"

"பின்னாடி மூடியாச்சு சார். பிள்ளைங்க பகுதி அங்கதான் இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கண்ணாடி தானா வெடிச்சு சிதறிடுச்சு. நல்ல வேளை, ஸ்கூல் நேரம். யாரும் இல்ல. அதுக்கப்புறம் நானே பூட்டிட்டேன்."

"மேல சொல்லலையா?"

அவள் சிரிக்கவில்லை, சிரிக்கப் போவது போல மூச்சு விட்டாள். "முப்பத்தி நாலு லெட்டர் சார். நம்பர் போட்டு வச்சிருக்கேன். மொத லெட்டர் எழுதுனப்ப கதவு சாத்த முடியலன்னு எழுதுனேன். ஆள் வந்து கதவ சீவிட்டுப் போனாங்க. ரெண்டாவது தடவையும் சீவுனாங்க. மூனாவது தடவை, சீவ இனிமே கதவே இல்லன்னு தச்சர் சொல்லிட்டாரு. டாய்லட் பைப்பு மண்ணுக்கு அடியில முறிஞ்சது, அதுக்கு ஒரு லெட்டர். மழை உள்ள வருது, அதுக்கு நாலு லெட்டர். ஒவ்வொன்னுக்கும் ஒரு பதில் வரும். கவனத்தில் எடுத்துக்கொண்டோம்னு."

பேசிக்கொண்டே அவள் ஒரு வாளியைத் தூக்கி ஜன்னல் வழியாகத் தண்ணீரை ஊற்றினாள். எத்தனையோ முறை ஊற்றிய கை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இப்ப பாருங்க, எனக்கே லெட்டர் வந்திருக்கு. அலமாரி எல்லாம் ஏன் பின்னாடி ரூம்ல வச்சேன்னு காரணம் காட்டணுமாம். எங்க சார் வைக்கிறது? முன்னாடி ஒழுகுதுன்னு பின்னாடி கொண்டு போனேன், பின்னாடி எறங்குதுன்னு முன்னாடி கொண்டு வந்தேன். இத சரி பண்ண ரெண்டு மில்லியனுக்கு மேல ஆகுமாம். கட்டுனதே மூனு மில்லியன். நான் அலமாரி நவுத்துனதுனால ரெண்டு மில்லியன் போச்சுன்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்றாரு. அவரு கிண்டல் பண்ணிட்டு சிங்கப்பூர் வேலைக்குப் போயிடுவாரு. எனக்கு ராத்திரி எல்லாம் தூக்கம் இல்ல."

"வேலைக்கு எதாச்சும்…?"

"தெரியல சார். இன்க்ரிமென்ட் நிறுத்தலாம். பதவி குறைக்கலாம். இந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரணும். ரெங்கம் பக்கம் எஸ்டேட்ல பொறந்து, நைட் ஸ்கூல்ல எஸ்டிபிஎம் பரீட்சை எழுதி வந்த வேலை." அவள் வாளியைப் பழைய இடத்தில் வைத்தாள். "நீங்க எந்த ஊரு சார்? இங்க பாத்ததில்லையே."

"குளுவாங்" என்றார். பிறகு, "இந்தக் கட்டடம் கட்டும்போது நான் இங்க இன்ஜினியரா இருந்தேன்மா" என்றார்.

தேன்மொழி வாளியைப் பார்த்தபடியே நின்றாள்.

"அலமாரினால எறங்கல. பைல் பாதிதான் எறங்கியிருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

முன்பக்கத்தில் ஒரு கிழவர் பத்திரிகையைத் திருப்பும் சத்தம் கேட்டது. தேன்மொழி அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பேசியபோது குரல் உயரவில்லை.

"அப்ப நான் எழுதுன முப்பத்தி நாலு லெட்டரும் உங்களுக்குத்தான் எழுதியிருக்கணும்."

உலகப்பன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையை லேசாக உயர்த்தி நிறுத்தினாள்.

"வேணாம் சார். அத இங்க சொல்லி என்ன ஆகப் போவுது. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க."

கிழவர் இரவல் புத்தகத்தோடு மேஜைக்கு வந்து நின்றார். அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள். உலகப்பன் படிக்கட்டில் இறங்கும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாச்சியம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னார். சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நாச்சியம்மை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். கணவரின் கையெழுத்து விஷயம் அவருக்கு எட்டு வருடமாகத் தெரியும். தேன்மொழியின் விஷயம்தான் புதிது.

"அந்தப் பொண்ணுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"தெரியல. கேக்கல."

"சொல்லப் போறீங்களா?"

"சொல்லாம இருக்க முடியாது போல இருக்கு நாச்சி."

நாச்சியம்மை கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "அப்பச்சி போனப்ப சோமுவுக்குப் பதினோரு வயசு. நான்தான் சோறு ஊட்டி ஸ்கூலுக்கு அனுப்புனேன். உங்களுக்கு வேலை இல்லாம இருந்தப்ப அவன்தான் கூப்ட்டு வேலை குடுத்தான். நம்ம பிள்ள மெல்பர்ன்ல படிச்சது அவன் குடுத்த சம்பளத்துல."

"எல்லாம் தெரியும்."

"உங்கள பொய் சொல்லச் சொல்லல. உங்க கையெழுத்து, உங்க தப்பு, அத சொல்லுங்க. அந்தப் பொண்ணு மேல பழி போகக் கூடாது. ஆனா நீங்களா அவன் பேர எடுக்காதீங்க. கேட்டா சொல்லுங்க. கேக்கலன்னா விட்டுடுங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

"சரி" என்றார் உலகப்பன்.

"கேட்டுட்டாங்கன்னா, அப்புறம் தம்பி வீட்டுக்கு எனக்கு வழி இல்ல. அதையும் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுங்க."

பதினான்காம் தேதி விசாரணை ஒரு கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த குழுத் தலைவி ஐம்பது வயது மலாய்ப் பெண்மணி, அவரும் ஒரு பொறியாளர். வலது பக்கம் கணக்குத் துறை அதிகாரி. இடது பக்கம் சட்டத் துறையிலிருந்து வந்த ஹேமநாதன் என்ற தமிழர். வெளியே பெஞ்சில் தேன்மொழி தன் முறைக்காகக் காத்திருந்தாள். மடியில் தடித்த கோப்பு. உலகப்பன் தலையசைத்தார், அவளும் லேசாகத் தலையசைத்தாள்.

புவான் என்று எல்லோரும் மரியாதையாக அழைத்த தலைவி, மலாயில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். வயதானவரை அலைக்கழித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். பதிவேடுகள் வெள்ளத்தில் அழிந்துவிட்டதாக ஆலோசனைக் கம்பெனி தெரிவித்திருப்பதாகவும், ஞாபகம் இருப்பதைச் சொன்னால் போதும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் ஒரு கதவைத் திறந்து வைத்தது போல இருந்தது. அதன் வழியாக வெளியே போய்விடலாம்.

"ஞாபகம் இருக்கிறது புவான்" என்றார் உலகப்பன். "மொத்தம் அறுபத்து நாலு பைல். அதில் பதினோரு பைல் பதினெட்டு மீட்டர் இறங்கவில்லை. ஒன்பது மீட்டர்தான்."

தலைவியின் பேனா நின்றது. "எந்தப் பதினோரு பைல்?"

"முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு…" அவர் கையில் தாள் எதுவும் இல்லை. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். கடைசியாக அறுபத்து மூன்று. கட்டடத்தின் பழைய வரைபடத்தைத் தலைவி தன் பக்கம் இழுத்து, அந்த எண்களைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டங்கள் எல்லாம் பின்பக்கத்தில் விழுந்தன.

"அலமாரிகளுக்கும் இதற்கும்?"

"சம்பந்தமே இல்லை புவான். அந்த அறை காலியாக இருந்திருந்தாலும் இறங்கியிருக்கும். ஒரு வருடம் முன்னே பின்னே ஆகியிருக்கும், அவ்வளவுதான்."

"தாள்களில் பதினெட்டு என்று எழுதியது யார்?"

"நான்."

"ஏன் அப்போதே சொல்லவில்லை?"

இந்தக் கேள்விக்கு அவர் காரிலேயே பதில் தயார் செய்து வந்திருந்தார். வேலை, மகள் படிப்பு, குடும்பம். இப்போது அதைச் சொல்ல அலுப்பாக இருந்தது.

"ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நிறையக் கட்டடங்களில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும், நின்றுகொண்டுதான் இருக்கும். இதுவும் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை என்று தெரிந்த பிறகு, யாராவது கேட்கட்டும் என்று இருந்தேன். யாரும் கேட்கவில்லை."

கணக்கு அதிகாரி ஏதோ எழுதினார். தலைவி வரைபடத்தை மடித்தார். நன்றி, தேவைப்பட்டால் மறுபடி அழைப்போம் என்றார். உலகப்பன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். முடிந்துவிட்டது, கேட்கவில்லை என்று அவர் மனம் ஒரு கணம் லேசானது. நாச்சியம்மையிடம் என்ன சொல்லலாம் என்றுகூட நினைத்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் ஐயா" என்றார் ஹேமநாதன், தமிழில். பிறகு மற்றவர்களுக்காக மலாய்க்கு மாறினார். "நீங்கள் வேலையை நிறுத்தியதாகக் குத்தகைக்காரரின் பழைய கடிதம் ஒன்றில் இருக்கிறது. மறுநாள் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. நீங்களாகவே மனம் மாறினீர்களா, யாராவது சொன்னார்களா?"

உலகப்பன் எழுந்து நின்ற நிலையிலேயே இருந்தார். நானாகத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழியோ தன் மேல்தான். யாருக்கும் புதிதாகக் கெடுதல் இல்லை. வாளியிலிருந்து ஜன்னல் வழியாகத் தண்ணீர் ஊற்றிய கை நினைவுக்கு வந்தது. அதைவிட, தனக்கு இனிமேல் பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

"என் மச்சினர் சொன்னார்" என்றார். "கம்பெனி முதலாளி. சோமு."

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. நாச்சியம்மை ஹாலில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

"கேட்டாங்களா?"

"எந்திரிச்சிட்டேன் நாச்சி. வெளிய வர இருந்தேன். அப்பதான் கேட்டாங்க."

நாச்சியம்மை எழுந்து சமையலறைக்குப் போனார். சோறு சூடுபண்ணி, தட்டில் போட்டு மேஜையில் வைத்தார். பிறகு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உலகப்பன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். பசித்தது. பசித்தது அவருக்கே வெட்கமாக இருந்தது.

அறிக்கை வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் நூலகத்தை மூடிவிட்டார்கள். புத்தகங்களைப் பெட்டிகளில் கட்டிச் சமூக மண்டபத்துக்குக் கொண்டு போனார்கள். பின்பக்கத்தில் அவர் சொன்ன இடங்களில் தோண்டிப் பார்த்து, ஒன்பது மீட்டர்தான் என்று உறுதி செய்தார்கள். பழுது எங்கே என்று தெரிந்துவிட்டதால் முன்பக்கத்தைத் தொட வேண்டியதில்லை. செலவு பாதியாகக் குறையும் என்று பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வந்தது. பாதி என்றாலும் ஒரு மில்லியனுக்கு மேல். குத்தகைக் கம்பெனி கலைக்கப்பட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. அதன் முதலாளி மேல் யாரும் கை வைக்க முடியவில்லை. அட்டையில் பேர் போட்டுத் திறந்து வைத்த பெரிய மனிதரை யாரும் கேட்கவில்லை. சோமுவின் கம்பெனி, காப்பீட்டு வழியாக ஒரு பங்கு கொடுக்க ஒப்புக்கொண்டது. மீதி மக்கள் பணம். அறிக்கையில் பொய்ப் பதிவு செய்ததாகப் பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே ஆள் உலகப்பன். சோமு பற்றி, நிர்வாகத்தின் அழுத்தம் இருந்ததாகத் தெரிகிறது என்று ஒரு வரி. பொறியாளர்கள் பட்டியலிலிருந்து உலகப்பன் பெயரை நீக்கியிருப்பதாகத் தனியாக ஒரு கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற மனிதருக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆனால் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றி அலமாரிக்கு மேல் வைக்க ஒரு நாள் முழுக்க ஆனது.

தேன்மொழி ஒருநாள் போன் செய்தாள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை.

"எனக்கு லெட்டர் வந்துச்சு சார். மேல் நடவடிக்கை இல்லைன்னு. ஒரே வரி."

"நல்லதும்மா."

"பதவி உயர்வு இந்த வருஷம் இல்ல. அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க. என்ன சிம்பாங் ரெங்கம் பக்கம் மாத்திட்டாங்க. அங்க கூரை ஒழுகல." பிறகு சொன்னாள். "நன்றி சொல்லணும்னு கூப்டல சார். எட்டு வருஷம் ஆச்சுல்ல. ஆனா நீங்க வந்து சொன்னீங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். சொல்லணும்னு தோணுச்சு, அதான்."

"உனக்குப் பிள்ளைங்க இருக்காம்மா?"

"ஒரு மக. ஸ்கூல்ல ஃபார்ம் ஃபோர் படிக்கிறா. ஏன் சார்?"

"என் வீட்டுக்காரம்மா கேட்டாங்க."

தை பிறந்தது. சோமு மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை. போனும் இல்லை. உறவினர்கள் வழியாக நாளும் மண்டபமும் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க நாச்சியம்மை கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. கோபமாகவும் இல்லை. துணி மடித்தார், சமைத்தார், மெல்பர்னுக்குப் போன் பேசினார். கல்யாணத்தன்று விடியற்காலையில் குளித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"கிராப் டாக்சி கூப்டுங்க. பஸ் ஸ்டேஷன் போகணும்."

"நான் கொண்டு போய் விடுறேன் நாச்சி. ஜொகூர் பாரு வரைக்கும்."

"வேணாம். நீங்க வந்தா அவன் நெனச்சுப்பான், நீங்க மன்னிப்புக் கேக்க வந்திருக்கீங்கன்னு. நீங்க கேக்கவும் மாட்டீங்க. எதுக்கு." கைப்பையைத் திறந்து, மருமகளுக்கு எடுத்து வைத்திருந்த சங்கிலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "கூப்பிடலன்னா என்ன. நான் தூக்கி வளத்த பிள்ளையோட பொண்ணு."

அன்று முழுக்க உலகப்பன் வீட்டில் இருந்தார். பத்திரிகை படித்தார். மதியம் முந்தின நாள் குழம்பைச் சூடு பண்ணினார். சாயங்காலம் மழை பெய்தது. ஏழு மணிக்கு கேட் திறக்கும் சத்தம் கேட்டு எழுந்து போனார். நாச்சியம்மை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சேலையின் கீழ்க்கரை நனைந்திருந்தது.

"உள்ள விட்டாங்களா?"

"விடாம? எந்திரிச்சு வந்து கூட்டிட்டுப் போனான்." அவர் சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டினார். "பொண்ணு கழுத்துல சங்கிலிய நான்தான் போட்டேன். கூட்டத்துல யாரும் ஒன்னும் கேக்கல."

"சோமு எதாச்சும் பேசுனானா?"

"சாப்ட்டியா ஆச்சின்னு கேட்டான். சாப்ட்டேன்னேன்." காலைத் தடவிக்கொண்டே, "உங்கள கேக்கல" என்றார்.

உலகப்பன் தலையாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்தார். நாச்சியம்மை கைப்பையிலிருந்து மண்டபத்தில் கொடுத்த சின்னப் பலகாரப் பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ரெண்டு எடுத்துக்கிட்டேன். சாப்பிடுங்க. காலைல இருந்து ஒன்னும் சமைச்சிருக்க மாட்டீங்க."